வெயில் படாமல் பழுப்பு நிறம்: எந்த வழி யாருக்கு?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒப்பனைத் தொழில் செய்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளுப்பதற்குத்தான் வழி கேட்பார்கள். ஆனால் தோலைப் பழுப்பாக்கிக்கொள்ள வழி தேடி வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தமிழில் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. தசைக்கட்டைக் காட்டும் கட்டழகர் போட்டிக்கு மேடை ஏறப் போகும் இளைஞர்கள் ஒரு சாரார். அம்மா சீனர், அப்பா தமிழர் என்று பிறந்து, தங்கள் வெளுத்த தோல் கொஞ்சம் மாநிறமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கும் பெண்கள் இன்னொரு சாரார். மூன்றாவதாக, என்னிடம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறவர்கள், நான் மிகவும் அக்கறையோடு எழுத நினைப்பவர்கள், வெண்புள்ளி உள்ளவர்கள். மூவரும் கேட்பது ஒரே கேள்வி. மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

முதலில் வெயிலை விலக்கிவிடுவோம். கோலாலம்பூரில் வானம் தெளிவாக இருக்கும் நாளில் வெயிலின் கடுமையை அளக்கும் புற ஊதாக் குறியீடு உச்சிவேளையில் 11ஐத் தொடும், தாண்டவும் செய்யும்; அது மிகக் கடுமையான அளவு. வெயிலில் கறுப்பது என்பது அடிபட்ட தோல் தன்னைக் காத்துக்கொள்ள மெலனின் என்ற நிறமியைக் கூட்டுவது. வெண்புள்ளி உள்ள இடத்தில் அந்த மெலனினை உண்டாக்கும் செல்களே இல்லை. அந்த இடம் சிவந்து வெந்துபோகும். சுற்றியுள்ள நல்ல தோலோ கறுக்கும். வெயிலில் நின்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறையாது, கூடிக்கொண்டே போகும். "கொஞ்சம் வெயில் பட்டால் சரியாகிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேசத் தயங்காதீர்கள்.

வெயிலுக்கு மாற்றாக இன்று நம்பிப் பயன்படுத்தக்கூடிய பொருள் ஒன்றுதான்: டைஹைட்ராக்ஸி அசிட்டோன், சுருக்கமாக டி.எச்.ஏ. கடையில் 'செல்ஃப் டேனர்' என்று விற்கும் லோஷன், நுரை, சொட்டு மருந்து போன்ற புட்டி, அழகு நிலையத்தில் அடிக்கும் ஸ்ப்ரே எல்லாவற்றிலும் வேலை செய்வது இதுவே. சிலவற்றில் இதனுடன் எரித்ருலோஸ் என்ற இன்னொன்றையும் சேர்ப்பார்கள். அதில் நிறம் மெதுவாக ஏறும், சீக்கிரம் மங்கும்.

டி.எச்.ஏ. சாயம் அல்ல. அது ஒரு வகைச் சர்க்கரை. தோலின் மேலடுக்கில் இறந்து கிடக்கும் செல்களின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பாகிறது. கல்லில் தோசை முறுகிப் பொன்னிறமாவதும் இதே வகை வேதிவினைதான். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஈவா விட்கன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், ஒரு வளர்சிதைமாற்ற நோய் உள்ள குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். குழந்தைகளின் மேல் சிந்திய இடங்களில் சில மணி நேரம் கழித்துத் தோல் பழுப்பாவதையும், துணியில் கறை விழாததையும் கவனித்தார். தன் கையிலேயே பூசிச் சோதித்தும் பார்த்தார். 1960இல் காப்பர்டோன் நிறுவனம் இதை வைத்து ஒரு லோஷனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்தச் செய்தியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. நிறம் ஏறுவது இறந்த செல்களில் என்பதால், அவை உதிர உதிர நிறமும் போய்விடும்; பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள். இன்னொன்று, இதற்கு மெலனின் தேவையே இல்லை. ஆகவே வெண்புள்ளியிலும் நிறம் ஏறும். பூசிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் நிறம் தெரிய ஆரம்பித்து ஒரு நாளில் முழுமை பெறும்.

ஆனால் இது வெயிலிலிருந்து காப்பாற்றாது. பழுப்பாகிவிட்டோம், இனி சன்ஸ்கிரீன் வேண்டாம் என்று நினைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பூசிய முதல் நாளில் வெயிலை இன்னும் கவனமாகவே தவிர்க்க வேண்டும். அதன்பிறகும் சன்ஸ்கிரீன் தொடர வேண்டும்.

வெண்புள்ளி உள்ளவர்களுக்கு

இவர்களுக்கு முன்னால் இருப்பவை இரண்டு வழிகள்: டி.எச்.ஏ. அல்லது மறைப்பு கிரீம். மறைப்பு கிரீம் என்றால் சாதாரண ஃபவுண்டேஷன் அல்ல. நிறமி பல மடங்கு அடர்த்தியாகச் சேர்த்து, தண்ணீரில் கரையாதபடி செய்யப்படுவது. பிறவியிலேயே முகத்தில் செந்நிற மச்சத்தோடு பிறந்த லிடியா ஓலீரி என்ற அமெரிக்கப் பெண், தனக்காகவே உருவாக்கிய கிரீமுக்கு 1932இல் காப்புரிமை பெற்றார். இன்றைய மறைப்பு கிரீம்கள் அந்த வழியில் வந்தவை.

கிரீமின் பலம் உடனடித் துல்லியம். இரண்டு மூன்று நிறங்களைக் கலந்து, உங்கள் தோலுக்கு அருகிலேயே வைத்துப் பார்த்துப் பொருத்தலாம். பூசி, பவுடர் தூவி, பத்து நிமிடம் அசையாமல் விட்டு, மிஞ்சிய பவுடரைத் துடைத்தால் அன்று முழுவதும் நிற்கும். மழையில் நனைந்தாலும் பரவாயில்லை. தேய்த்தால்தான் போய்விடும். கழுத்தில் பூசினால் வெள்ளைச் சட்டைக் காலரில் ஒட்டும். நெற்றியில் பூசி அதன்மேல் ஈரச் சந்தனம் வைத்தால், சந்தனம் காய்ந்து உதிரும்போது கிரீமையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். தினமும் காலையில் பூசி, இரவில் எண்ணெய் கலந்த சுத்திகரிப்பானால் எடுக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய சுமை.

டி.எச்.ஏ.வுக்கு அந்தச் சுமை இல்லை. இரவில் பூசிப் படுத்தால் காலையில் நிறம் இருக்கும். அதன்பின் குளிக்கலாம், வியர்க்கலாம், குழந்தையைத் தூக்கலாம், எதிலும் ஒட்டாது. ஆனால் துல்லியம் குறைவு. நம் தோலில் இதன் எல்லை எது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமை நிறத்துக்கும் மாநிறத்துக்கும் இது நன்றாகப் பொருந்தும். நல்ல கறுத்த தோலில் உள்ள வெண்புள்ளியை இது முழுதாக மூடாது. வெள்ளையை நடுத்தரப் பழுப்பாக்கி, வித்தியாசத்தைப் பாதிக்கு மேல் குறைத்துக் கொடுக்கும். அதிகச் செறிவில் பூசினால் கறுப்பதற்குப் பதில் ஆரஞ்சு தட்டும்.

செந்தூலிலிருந்து வந்த ஓர் அக்காவுக்கு இரண்டு மணிக்கட்டிலும் புறங்கையிலும் வெண்புள்ளி. மகனின் நிச்சயதார்த்தத்துக்குத் தாம்பாளம் மாற்ற வேண்டும்; எல்லோர் கண்ணும் கையில்தான் இருக்கும் என்று கவலை. மணிக்கட்டுப் புள்ளிக்குள் பஞ்சுக்குச்சியால் மூன்று இடத்தில் மூன்று செறிவுகளைத் தொட்டு வைத்தேன்: இலேசானது, நடுத்தரம், அடர்த்தியானது. கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒன்றுமே தெரியவில்லையே, தங்கச்சி?" என்றார். "இப்போது தெரியாது அக்கா. காலையில் வெளிச்சத்தில் பாருங்கள்" என்று அனுப்பிவைத்தேன். மறுநாள் படம் அனுப்பியிருந்தார். அடர்த்தியானது ஓரமெல்லாம் செம்மஞ்சளாக நின்றது. நடுத்தரம்தான் அவர் தோலோடு இழைந்து போயிருந்தது. அதையே நிச்சயதார்த்தத்துக்கு முந்திய இரண்டு இரவுகளிலும் பூசி, அன்று காலை மட்டும் அதன்மேல் மறைப்பு கிரீமை மிக மெல்லிசாகத் தடவினோம். அடியில் ஏற்கெனவே பழுப்பு இருந்ததால் கிரீம் கொஞ்சமே போதுமானதாக இருந்தது. கொஞ்சமாகப் பூசுவதால் விரல் மடங்கும் இடத்தில் வெடிக்காது, தாம்பாளத்திலும் ஒட்டாது.

மாநிறத்துக்கு மேல் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இந்த இரட்டை வழியைத்தான்: அடியில் டி.எச்.ஏ., விசேஷ நாளில் மட்டும் மேலே கிரீம். மாநிறத்துக்குள் இருப்பவர்களுக்கு டி.எச்.ஏ. மட்டுமே போதும்.

பூசும்போது புள்ளியின் ஓரத்துக்கு மயிரிழை உள்ளேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஓரத்தைத் தாண்டினால் நல்ல தோலும் கறுத்து, புள்ளியைச் சுற்றி வளையம் போட்டதுபோல் ஆகிவிடும். பொதுவாக டி.எச்.ஏ. பூசுவதற்கு முன் தோலை நன்றாகத் தேய்த்து இறந்த செல்களை நீக்கச் சொல்வார்கள். வெண்புள்ளி உள்ளவர்கள் அப்படித் தேய்க்கவே கூடாது. கீறல், காயம், தீப்புண் பட்ட இடத்தில் புதிய வெண்புள்ளி தோன்றக்கூடிய தன்மை இவர்களில் பலருக்கு உண்டு. மென்மையான துண்டை வெந்நீரில் நனைத்து ஒற்றி எடுத்தால் போதும்.

கையில் நிறம் சீக்கிரம் போய்விடும். பாத்திரம் கழுவுகிற கை, மூன்று நாள்கூடத் தாங்காமல் போகலாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கிற வழக்கம் இருந்தால் அன்றே பாதி நிறம் போய்விடும். குளித்து முடித்த இரவில் மறுபடி பூசிக்கொள்ளுங்கள், வழக்கத்தை விட வேண்டாம். உதட்டில் உள்ள வெண்புள்ளிக்கு டி.எச்.ஏ. கூடாது. அங்கே உதட்டுச்சாயம்தான் வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவை எதுவும் மருந்து அல்ல. கோலாலம்பூர் மருத்துவமனையில் தோல் துறை இருக்கிறது. களிம்பு, மருத்துவரின் கண்காணிப்பில் அளந்து கொடுக்கப்படும் ஒளி சிகிச்சை என்று முறையான வழிகள் இருக்கின்றன. அங்கே போய்க்கொண்டிருப்பவர்கள் நிறம் பூசும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மேடை ஏறும் கட்டழகர்களுக்கு

"நான்தான் ஏற்கெனவே கறுப்பாச்சே, எனக்கு எதற்கு?" என்று முதல்முறை போட்டிக்குப் போகிற தம்பிகள் கேட்பார்கள். மேடை விளக்கு மிகக் கடுமையானது. எவ்வளவு கறுத்த தோலையும் அது வெளிறச் செய்யும். தசைக்கும் தசைக்கும் நடுவில் விழ வேண்டிய நிழல் காணாமல் போய்விடும். அதோடு நம் உடம்பில் முகமும் முன்கையும் ஒரு நிறம், மார்பும் தொடையும் இன்னொரு நிறம். மேடையில் அது பளிச்சென்று தெரியும். ஆகவே நம்மவர்களுக்கும் பூச்சு அவசியம். அடுக்குகள் மட்டும் குறைவாகப் போதும்.

இங்கே தேர்வு இரண்டுக்கு இடையில். முந்திய நாளே அடுக்கடுக்காகப் பூசிக் காயவைக்கும் அடர்த்தியான போட்டிப் பூச்சு; அல்லது மேடைக்குச் சற்று முன் தடவிக்கொள்ளும் கழுவினால் போகிற வண்ணக் களிம்பு. நான் எப்போதும் முதலாவதைத்தான் சொல்வேன். களிம்பு வேகமானது, பளபளப்பும் தரும். ஆனால் பின்மேடையில் ஏர்கான் இல்லாத ஒரு மண்டபத்தில் இருபது பேர் உடற்பயிற்சி செய்து தசையை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அது வழிந்து கோடு விழும். பக்கத்தில் நிற்பவர் மேலும் திரைச்சீலையிலும் ஒட்டும். ஒட்டுகிற களிம்பைச் சில போட்டி ஏற்பாட்டாளர்கள் அனுமதிப்பதே இல்லை. பதிவு செய்யும்போதே விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூசிய இரவு பழைய கைலி, பழைய போர்வை. ஹோட்டலில் தங்கினால் சொந்தப் போர்வை கொண்டுபோங்கள். வெள்ளை விரிப்பில் கறை பட்டால் காசு கேட்பார்கள்.

வெளுத்த தோல் உள்ள பெண்களுக்கு

இவர்களுக்கு வேலை சுலபம். வெளுத்த தோலில் டி.எச்.ஏ. நன்றாகத் தெரியும். தேர்வு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏற்றும் லோஷனா, ஒரே இரவில் ஏற்றும் நுரையா, அழகு நிலைய ஸ்ப்ரேயா என்பதுதான். முதல்முறை என்றால் லோஷன். செறிவு குறைவு என்பதால் கை தவறினாலும் கண்ணில் உறுத்தாது; போதும் என்று தோன்றும் நிறத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நுரை, பழகிய கைக்குத்தான்.

ஸ்ப்ரேக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டி.எச்.ஏ.வை வெளித்தோலில் பூசுவதற்கு மட்டுமே அனுமதித்திருக்கிறது. கண்ணிலும் உதட்டிலும் மூக்கின் உள்ளும் படுவதற்கோ மூச்சில் போவதற்கோ அனுமதி இல்லை. ஆகவே கண்ணுக்குக் கவசம், மூக்குக்கு அடைப்பு, உதட்டுக்குத் தைலம் இவற்றைக் கேட்காமலேயே கொடுக்கிற நிலையத்துக்கு மட்டும் போங்கள். கேட்டும் கொடுக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். முதுகில் ஒரே சீராக நிறம் ஏற வேண்டும் என்பதைத் தவிர, வீட்டில் பூசிக்கொள்வதைவிட ஸ்ப்ரேயில் எனக்குப் பெரிய ஆதாயம் தெரியவில்லை. செலவு மட்டும் அதிகம்.

எதைத் தேர்ந்தாலும், மயிர் மழிப்பதையும் வாக்ஸ் செய்வதையும் முந்திய நாளே முடித்துவிடுங்கள். அன்றே செய்தால் மயிர்க்கால்களில் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். முழங்கை, முழங்கால், கணுக்கால், விரல் மூட்டு ஆகிய இடங்களில் தோல் தடிப்பு என்பதால் நிறத்தை அதிகமாக இழுக்கும். அங்கே முதலில் கொஞ்சம் சாதாரண மாய்ஸ்சுரைசர் தடவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளங்கையும் பழுப்பாகிப்போகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மிக முக்கியமானது இது: பூசிய ஆறு முதல் எட்டு மணி நேரம் வியர்க்கக் கூடாது. பகலில் பூசிக்கொண்டு எல்.ஆர்.டி. ரயில் ஏறப் போனால் வியர்வை வழிந்த தடமெல்லாம் கோடாக நிற்கும். இரவில் பூசி, ஏர்கான் அல்லது காற்றாடி போட்டுப் படுங்கள். வறுத்த பிஸ்கட் போன்ற ஒரு வாடை வரும். காலையில் குளித்தால் குறைந்துவிடும்.

ஒரே ஒரு மாலை நிகழ்ச்சிக்கு என்றால் இவ்வளவும் தேவையில்லை. கழுவினால் போகும் பிரான்சர் என்ற பழுப்பு ஒப்பனைப் பூச்சை வாங்கி, ரவிக்கை படாத இடத்தில் மட்டும் பூசிக்கொள்ளுங்கள்.

தொடவே கூடாதவை

புற ஊதா விளக்குப் படுக்கையை வெயிலுக்கு மாற்று என்று விற்கிறார்கள். அதுவும் அதே கதிர்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் இதைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது.

நிறமேற்றும் மாத்திரைகளில் இருப்பது கேன்தாசாந்தின் என்ற உணவு நிறமி. அதிக அளவில் விழுங்கினால் தோலில் மட்டும் படியாது. கண்ணின் விழித்திரையில் படிகமாகப் படியும். மெலனோடன் என்று இணையத்தில் விற்கும் ஊசியும் மூக்கு ஸ்ப்ரேயும் இன்னும் மோசம்: குமட்டல், முகம் சிவத்தல், மச்சங்கள் கறுத்து உருமாறுதல். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாரும் சோதிக்காத புட்டியை உடம்பில் ஏற்றிக்கொள்வதா? ஜிம்மில் கூட வருகிற நண்பர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நம் வீடுகளில்தான் கிடைக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்: கார்போக அரிசி. வெண்புள்ளிக்கு நாட்டு மருந்தாகப் பலகாலமாகப் புழங்குவது. அதில் சோரலன் என்ற பொருள் இருக்கிறது. தோலைப் புற ஊதாக் கதிருக்கு மிகவும் கூச்சமுள்ளதாக்கும். மருத்துவமனையில் சோரலனையும் கதிரையும் அளந்து சேர்த்துச் செய்யும் சிகிச்சை உண்டு. வீட்டில் அளவு ஏது? யாரோ சொன்னார்கள் என்று அந்த எண்ணெயைத் தடவிக்கொண்டு மொட்டை மாடியில் நின்று, கை முழுக்கக் கொப்புளத்தோடு என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவியைப் பார்த்து மனம் பதறிப்போனது. கொப்புளம் ஆறிய இடத்தில் புதிய வெண்புள்ளி வரவும் வாய்ப்பு உண்டு. தகுதி பெற்ற மருத்துவர் பார்த்துக் கொடுக்காமல் இதைத் தொடாதீர்கள்.

மருதாணி பற்றியும் கேட்கிறார்கள். இயற்கை மருதாணி பொதுவாக ஆபத்தில்லை, ஆனால் நிறம் செம்மஞ்சள்; தோல் நிறத்தோடு இழையாது. சீக்கிரம் கறுக்கும் என்று கூம்பில் விற்கும் கருப்பு மருதாணியில் தலைமுடிச் சாயத்தில் போடும் பி.பி.டி. கலந்திருக்கலாம். அதில் வரும் ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் தொடரும்.

வாங்கும்போது

மலேசியாவில் விற்கப்படும் எந்த ஒப்பனைப் பொருளும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவில் (NPRA) அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் எண் என்.ஓ.டி. (NOT) என்ற எழுத்துகளில் தொடங்கி, இலக்கங்கள் வந்து, கே (K) என்ற எழுத்தில் முடியும். அந்தப் பிரிவின் இணையதளத்தில் எண்ணையோ பொருளின் பெயரையோ போட்டுத் தேடிப் பார்க்கலாம். எண் இல்லாத புட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எண் இருக்கிறது என்பதற்காக உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்றும் ஆகாது. முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்த பிறகே மற்ற இடத்துக்குப் போங்கள்.

பெரிய புட்டி வாங்காதீர்கள். டி.எச்.ஏ. சூட்டில் கெட்டுப்போகும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்த லோஷன் புட்டிக்குள்ளேயே பழுப்பாகி, வாடை மாறி, தோலில் நிறம் ஏறாமல் போய்விடும். சிறிய புட்டியை வாங்கி, மூடியில் திறந்த தேதியை எழுதி, குளியலறைக்கு வெளியே குளிர்ந்த, நிழலான அலமாரியில் வையுங்கள். கையில் வைத்திருப்பது ஏற்கெனவே பழையது என்று சந்தேகம் வந்தால் வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வண்ணம் சேர்க்காத லோஷன் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.